ஒரே நாளில் மறைந்தவர்கள்

டிசம்பர் 24 என்றதும் தமிழ்நாட்டில் இருவர் நினைவுக்கு வருவார்கள். தந்தை பெரியார் 1973ஆம் ஆண்டு அந்தத் தேதியில் வேலூரில் காலமானார். அவருக்கு வயது 94. முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர். 1987ஆம் ஆண்டு அதே தேதியில் சென்னையில் காலமானார். ஆண்டுதோறும் அன்றைய செய்தித்தாளைப் பிரித்தால் இருவருடைய படங்களையும் காணலாம்.

இதே தேதிக்கு உரிய இன்னொருவரை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் சந்தித்திருப்பீர்கள். ஐரோப்பாவிலிருந்து கடல் வழியாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்த வாஸ்கோடகாமா, மூன்றாம் முறையாக இங்கு வந்தபோது கொச்சியில் நோயுற்று இறந்தார். நாள், 1524 டிசம்பர் 24.

அப்படியானால் மூவரும் ஒரே நாளில் மறைந்தவர்கள் என்று எழுதிவிடலாமா? முதல் இருவரைப் பற்றி எழுதலாம். மூன்றாமவரைச் சேர்த்தால் கணக்கு உதைக்கும். ஏன் என்று பார்ப்போம்.

தேதி என்பது என்ன? புவி சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்று அது தன் பாதையில் எந்த இடத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அதே இடத்துக்கு அடுத்த ஆண்டு இதே தேதியில் திரும்பி வரவேண்டும். நாட்காட்டி செய்தவர்களின் நோக்கம் இதுதான். 1973 டிசம்பர் 24இலும் 1987 டிசம்பர் 24இலும் புவி பாதையின் ஒரே பகுதியில் இருந்தது. 1524இல் கொச்சியில் போர்த்துக்கீசியர்கள் டிசம்பர் 24 என்று குறித்தபோது அது அங்கே இல்லை. ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் கிலோமீட்டர் முன்னே போய்விட்டிருந்தது!

குற்றம் புவியுடையதன்று, நாட்காட்டியினுடையது. அன்று ஐரோப்பியர்கள் ஜூலியஸ் சீசர் ஏற்படுத்திய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினார்கள். அதில் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் லீப் ஆண்டு வரும். ஆகவே ஓர் ஆண்டின் சராசரி நீளம் 365¼ நாள். பருவங்கள் ஒரு சுற்று முடிந்து திரும்பி வருவதற்கு ஆகும் உண்மையான காலம் 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 46 விநாடி. வேறுபாடு 11 நிமிடம் 14 விநாடிதான். அற்பம் என்று தோன்றும். ஆனால் இந்த அற்பம் 128 ஆண்டுகளில் ஒரு முழு நாளாகச் சேர்ந்துவிடும். 16ஆம் நூற்றாண்டில் இப்படிச் சேர்ந்த பிழை 10 நாள். பகலும் இரவும் சமமாக இருக்கும் வசந்த நாள் மார்ச் 21க்கு வரவேண்டியது, மார்ச் 11க்கே வந்து நின்றது.

போப் 13ஆம் கிரெகொரி இதைத் திருத்தினார். 1582 அக்டோபர் 4, வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை, தேதியோ அக்டோபர் 15! நடுவில் இருந்த 10 தேதிகள் அந்த ஆண்டில் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் பிறக்கவே இல்லை. நாளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெயர்கள்தாம் தாவின. அந்த இரவில்தான் ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலா தெரேசா காலமானார். 4ஆம் தேதி இரவு இறந்தவரை மறுநாள் அடக்கம் செய்தார்கள். அந்த மறுநாள் 15ஆம் தேதி. இன்றும் அவர் திருநாள் அக்டோபர் 15இல்தான் கொண்டாடப்படுகிறது.

வாஸ்கோடகாமாவின் தேதியை இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினால் 1525 ஜனவரி 3 என்று வரும். நாள் மட்டுமா, ஆண்டே மாறிவிடுகிறது.

கிரெகொரியின் திருத்தத்தை எல்லா நாடுகளும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இங்கிலாந்து 1752இலும், ரஷ்யா 1918இலும்தான் மாறின. இடைப்பட்ட காலத்தில் ஒரே காலைப்பொழுதுக்கு மாட்ரிடில் ஒரு தேதி, லண்டனில் வேறொரு தேதி. இதனால் வந்த குழப்பங்களில் புகழ்பெற்றது ஷேக்ஸ்பியர் கதை. அவரும் ‘டான் குவிக்சோட்’ எழுதிய ஸ்பெயின் எழுத்தாளர் செர்வான்டிஸும் 1616 ஏப்ரல் 23இல், ஒரே நாளில் மறைந்தார்கள் என்று பல நூல்களில் பார்க்கலாம். இங்கிலாந்தின் ஏப்ரல் 23 ஸ்பெயினில் மே 3. செர்வான்டிஸ் புதைக்கப்பட்டு 10 நாள் ஆன பிறகும் ஷேக்ஸ்பியர் உயிரோடு இருந்தார். அதோடு, செர்வான்டிஸ் இறந்தது 22ஆம் தேதி. 23 அவரை அடக்கம் செய்த நாள் என்பதே ஆராய்ச்சியாளர்களின் கருத்து. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாளாகக் கொண்டாடப்படுவதற்கு இந்தப் பொருத்தமும் ஒரு காரணம். புத்தகங்களுக்கு ஒரு நாள் கிடைத்ததே, அதைப் பற்றி நமக்கு வருத்தம் இல்லை.

இயற்பியல் மாணவர்களுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கலிலியோ மறைந்த 1642ஆம் ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று படித்திருப்பீர்கள். ஒரு விளக்கு அணைந்ததும் மற்றொன்று ஏற்றப்பட்டது போல அழகாகத்தான் இருக்கிறது. கலிலியோ 1642 ஜனவரி 8இல் இறந்தார். இது இத்தாலியின் புதிய நாட்காட்டி. நியூட்டன் 1642 டிசம்பர் 25இல் பிறந்தார்; இது இங்கிலாந்தின் பழைய நாட்காட்டி. இரண்டையும் புதியதில் எழுதினால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. இரண்டையும் பழையதில் எழுதினால் கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29. எப்படி எழுதினாலும் ஒரே ஆண்டு வராது! மீட்டர் கோலால் ஒரு சுவரையும் அடிக்கோலால் மற்றொரு சுவரையும் அளந்துவிட்டு, எண் ஒன்றாக இருக்கிறதே என்று வியப்பதைப் போன்றதுதான் இது.

எல்லா நாடுகளும் ஒரே நாட்காட்டிக்கு வந்த பிறகாவது சிக்கல் தீர்ந்ததா? கடிகாரம் இருக்கிறதே! 1963 நவம்பர் 22இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அதே தேதியில் இங்கிலாந்தில் எழுத்தாளர் சி.எஸ். லூயிஸும், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் இறந்தனர். கென்னடி செய்தியில் மற்ற இரு செய்திகளும் அமுங்கிப்போயின. லூயிஸ் இறந்தபோது ஆக்ஸ்போர்டில் மாலை சுமார் 5.30. கென்னடி இறந்ததாக அறிவிக்கப்பட்டபோது டல்லஸில் பிற்பகல் 1 மணி. ஹக்ஸ்லி இறந்தபோது லாஸ் ஏஞ்சல்ஸில் மாலை சுமார் 5.20. மூன்றையும் நம் இந்திய நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். லூயிஸ் 22ஆம் தேதி இரவு 11 மணிக்கு; கென்னடி 23ஆம் தேதி நள்ளிரவு 12.30க்கு, ஹக்ஸ்லி 23ஆம் தேதி காலை 6.50க்கு. சென்னையில் இருந்தவருடைய கடிகாரப்படி மூவரும் ஒரே தேதியில் மறையவில்லை.

இதற்கு வெளிநாடு வரை போகவும் வேண்டியதில்லை. பாரதியார் திருவல்லிக்கேணியில் உயிர் நீத்தது 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு கடந்து 1 மணிக்கு மேல். நள்ளிரவில் நாளைத் தொடங்கும் ஆங்கில முறைப்படி அது செப்டம்பர் 12. சூரியன் உதிக்கும்போது நாளைத் தொடங்கும் நம் பஞ்சாங்க முறைப்படி இன்னும் 11ஆம் தேதியின் இரவு முடியவில்லை. 2021இல் தமிழக அரசு செப்டம்பர் 11ஐ மகாகவி நாளாக அறிவித்தது. எது சரி என்று சண்டை போடுவதில் பயனில்லை. நாள் எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிட்டால் இரண்டும் சரியே.

இதையெல்லாம் நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு மாணவிக்குச் செய்முறைத் தேர்வு குறிப்பிட்ட ஒரு தேதியில் வந்தது. அவளுடைய தாத்தாவும், பின்னொரு ஆண்டில் பெரியப்பாவும் அதே தேதியில் இறந்தவர்கள். “அந்தத் தேதி எங்கள் வீட்டுக்கு ஆகாது, சார். அன்று யாரும் பஸ் ஏறக்கூடாது என்பார்கள்” என்றாள். தேர்வுக்கு வராவிட்டால் ஓராண்டு வீணாகும்.

“இருவருக்கும் ஒரே நாளிலா அம்மா திதி கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

சற்று யோசித்தாள். “இல்லை, சார். இரண்டும் மாசி மாதம்தான். தாத்தாவுக்குத் தேய்பிறை ஏகாதசி, பெரியப்பாவுக்கு வளர்பிறை பஞ்சமி.”

திதி நிலவைக் கொண்டு கணக்கிடப்படுவது. அமாவாசையிலிருந்து அமாவாசைக்குச் சராசரியாக 29½ நாள். இப்படி 12 மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைவு. ஆகவே ஆங்கிலத் தேதி ஒன்றாக இருந்தாலும் நிலவு வேறு வேறு இடத்தில் இருக்கும். நாம் முதலில் சொன்ன டிசம்பர் 24ஐயே பாருங்கள். 1973இல் அன்று அமாவாசை. நம் நாட்டில் தெரியாவிட்டாலும் அன்று கங்கண சூரிய கிரகணமும் நிகழ்ந்தது. 1987இல் அதே தேதி, அமாவாசை கழிந்து நான்காம் நாள். (திதி பார்ப்பதைப் பெரியார் ஏற்காதவர். நாம் பார்ப்பது வானத்தில் நிலவு நின்ற இடத்தை மட்டும்.) அந்த மாணவியின் வீட்டார் அஞ்சிய ‘ஒரே நாள்’, அவர்கள் வணங்கும் முறைப்படியே இரண்டு வேறு நாட்கள்.

அத்துடன் விடாமல், கொள்ளுத்தாத்தா தலைமுறையிலிருந்து வீட்டில் இறந்தவர்களை எண்ணச் சொன்னேன். 20 பேர் தேறினார்கள். அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே தேதி அமைய வாய்ப்பு எவ்வளவு? ஆண்டில் 365 நாள் இருக்கும்போது 20 பேர் எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் ஒப்பிட வேண்டியது ஆட்களை அன்று, ஜோடிகளை. 20 பேரும் ஒருவரோடு ஒருவர் கைகுலுக்கினால் 20 × 19 ÷ 2 = 190 கைகுலுக்கல். ஒவ்வொரு ஜோடிக்கும் 365இல் 1 பங்கு வாய்ப்பு.

சரியான விடை வேண்டுமானால் பொருத்தம் இல்லாமல் போகும் வாய்ப்பைக் கணக்கிடவேண்டும். இரண்டாமவர் முதலாமவரோடு மோதாமலிருக்க 364/365; மூன்றாமவர் இருவரோடும் மோதாமலிருக்க 363/365; இப்படியே 20ஆம் ஆள்வரை எழுதி எல்லாவற்றையும் பெருக்கினால் 0.589 வரும். ஆகவே பொருத்தம் அமையும் வாய்ப்பு 41 சதவிகிதம். 23 பேர் ஆனால் பாதியைத் தாண்டிவிடும். சற்றுப் பெரிய குடும்பங்களை எடுத்துக்கொண்டால், இரண்டுக்கு ஒன்றில் இப்படி ஒரு தேதி இருக்கும்! இந்தத் தேதிதான் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் வியக்கலாம். எந்தத் தேதியாவது ஒன்று அமைந்த பிறகு அதைப் பிடித்துக்கொண்டு அஞ்சுவது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

அந்தத் தாளை அவள் தந்தையிடம் காட்டினாளாம். தேர்வுக்கு வந்தாள். தந்தையும் கூடவே பஸ் ஏறி வந்து, முடியும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

கணக்கு நடைமுறையில் நிற்குமா என்று சோதிக்க அமெரிக்கக் குடியரசுத் தலைவர்கள் வசதியானவர்கள். எல்லோரும் புதிய நாட்காட்டியிலேயே இறந்தவர்கள், தேதிகளில் குழப்பம் இல்லை. 2024 டிசம்பரில் ஜிம்மி கார்ட்டர் மறைந்தபோது இறந்தவர்கள் 40 பேர். 40 பேருக்குப் பொருத்தம் அமையும் வாய்ப்பு 89 சதவிகிதம். பில்மோர், டாப்ட் இருவருக்கும் மார்ச் 8. ட்ரூமன், போர்டு இருவருக்கும் டிசம்பர் 26. ஜூலை 4இல் மூன்று பேர்: ஆடம்ஸ், ஜெபர்சன், மன்றோ. மூவர் ஒரே தேதியில் கூடும் வாய்ப்பு, 40 பேரில் ஏறத்தாழ 7 சதவிகிதம்தான். அரிது, ஆனால் அதிசயம் அன்று.

ஆடம்ஸ், ஜெபர்சன் கதை இதைவிட அரிது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இருவரும் 1826இல், ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில் இறந்தார்கள். அது அவர்கள் முன்னின்று உருவாக்கிய சுதந்திரப் பிரகடனத்தின் 50ஆம் ஆண்டு நிறைவு நாள். ஆடம்சுக்கு வயது 90, ஜெபர்சனுக்கு 83. ஜெபர்சன் கடைசிப் படுக்கையில், 4ஆம் தேதி வந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார் என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த நாளைக் காணும் ஆவல் உயிரைச் சில மணி நேரம் பிடித்து வைத்ததா? நம் பெருக்கல் கணக்கு ஒவ்வொருவர் மரணமும் தேதியோடு தொடர்பற்றது என்று எடுத்துக்கொள்கிறது. இங்கே அந்த அடிப்படையே ஐயத்துக்கு உரியது. குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் மரணங்கள் மிகுதி என்பதும் அப்படிப்பட்டதே. தேதிகள் ஒரு பக்கம் குவியும்போது பொருத்தங்கள் சற்றுக் கூடும்.

அமெரிக்காவை விட்டு வெளியே வந்தால் ஜூலை 4இன் பட்டியல் இன்னும் நீளும். விவேகானந்தர் 1902, மேரி கியூரி 1934, நம் தேசியக் கொடியை வடிவமைத்த பிங்கலி வெங்கையா 1963. வலையை எவ்வளவு அகலமாக விரிக்கிறோமோ அவ்வளவு மீன். கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டு கழித்து, 1942 ஜனவரி 8இல் ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்தார். அதைக் குறிப்பிட்டுவிட்டு, அன்று இன்னும் 2 லட்சம் குழந்தைகளாவது பிறந்திருக்கும் என்று அவரே எழுதினார்.

நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் அறிவியல், வரலாற்றுப் பாடநூல்களிலிருந்து, காலமான 40 பேரின் பெயர்களை எழுதி, கலைக்களஞ்சியத்தில் அவர்கள் இறந்த தேதியைத் தேடிக் குறியுங்கள். 1582க்கு முந்தியவர்களையும், 1752க்கு முந்திய ஆங்கிலேயர்களையும், 1918க்கு முந்திய ரஷ்யர்களையும் தனியே வைத்துத் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். 1500 பிப்ரவரி முடிவிலிருந்து 1700 பிப்ரவரி முடிவுவரை 10 நாள் கூட்டவேண்டும், அதன்பின் 1800 வரை 11, 1900 வரை 12, பிறகு 13. நூற்றாண்டு மாறும்போதெல்லாம் ஒரு நாள் கூடியது. 1600இல் மட்டும் கூடவில்லை. அது ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு குறிப்பு: 1600ஐ 400ஆல் வகுத்துப் பாருங்கள்.