லியோன் ஷ்டூகெல்: ஸ்லோவீனியாவின் தேகாப்பியாச வீரர்

தேகாப்பியாசத்திற்கும் ராஜீயத்திற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர் இன்றும் நம்மிடையே உளர். கூட்டங்களில் பேசுவதும், தீர்மானங்கள் நிறைவேற்றுவதும், பத்திரிகைகளில் எழுதுவதுமே தேசத்தொண்டு. தண்டால் எடுப்பதும் கம்பியில் தொங்குவதும் வேலையற்ற வாலிபர்களின் பொழுதுபோக்கு என்பது அவர்களுடைய எண்ணம். ஐரோப்பாவின் சரித்திரத்தை ஊன்றிப் படித்த எவரும் இவ்வாறு எண்ணமாட்டார். இரண்டு மரச்சட்டங்களை இணையாக நிறுத்தி அவற்றின்மீது கையூன்றிப் பழகிய வாலிபர்களைக் கண்டு ராஜாங்கங்கள் நடுங்கிய காலம் ஒன்று அங்கே இருந்தது.

1806-ல் நெப்போலியனிடம் பிரஷ்யா தோற்றது. அந்த அவமானத்தைச் சகியாத யான் என்னும் உபாத்தியாயர், 1811-ல் பெர்லினுக்கு அருகே ஹாஸன்ஹைடே என்ற வெளியில் வாலிபர்களைக் கூட்டிப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் தேகப்பயிற்சிச் சாலைகளில் காணும் கிடைக்கம்பியும் இணைச்சட்டங்களும் அவ்வெளியிலிருந்தே பரவின. அந்நியனை விரட்டுவதற்குப் பயன்பட்ட வரையில் பிரஷ்ய ஸர்க்கார் அதனை ஆதரித்தது. நெப்போலியன் ஒழிந்த பிறகோ, உரம் பெற்ற வாலிபர் கூட்டம் ஒன்று தன் சொந்த நாட்டிலேயே சுதந்திரம் பேசுவதை அந்த ஸர்க்காருக்குப் பொறுக்க முடியவில்லை. 1819-ல் யான் கைது செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு முதல் 1842 வரையில் பகிரங்கமாகத் தேகாப்பியாசம் செய்வதற்கே பிரஷ்யாவில் தடை இருந்தது. கம்பியில் தொங்குவதை ராஜத்துரோகமாகக் கருதிய இச்சட்டத்தைப் பற்றி வக்கீல் தொழிலில் பழகிய நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆயினும் தடை விதித்தவர்கள் மூடர்கள் அல்லர். எதற்கு அஞ்சவேண்டும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

ஜெர்மானியர் கண்ட இவ்வித்தையை ஜெர்மன் ஆதிக்கத்துக்கு எதிராகவே திருப்பியவர்கள் ஸ்லாவ் இனத்தினர். ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்குட்பட்ட பிராக் நகரில் 1862-ல் மிரோஸ்லாவ் டிர்ஷ் என்ற பண்டிதரும், யிந்திரிக் ஃபியூக்னர் என்ற வியாபாரியும் சேர்ந்து ‘சோகோல்’ என்னும் சங்கத்தை ஸ்தாபித்தனர். சோகோல் என்றால் இராஜாளி. இருவருமே பிறப்பால் ஜெர்மன் பேசும் குடும்பத்தினர். செக் மக்களின் உரிமையைத் தம் உரிமையாக வரித்துக்கொண்டவர்கள். தேசியம் பிறப்பினால் மட்டும் வருவதன்று என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் வேண்டுமோ? சங்கத்தினர் செஞ்சட்டை அணிந்தனர். ஒருவரையொருவர் ‘சகோதரரே’ என்று அழைத்தனர். பிரபுவும் கொல்லனும் அங்கே ஒரே வரிசையில் நின்றனர். மறு ஆண்டே, அதாவது 1863-ல், இவ்வியக்கம் தெற்கே ஸ்லோவீனியர்களின் தலைநகராகிய லுப்லியானாவுக்குப் பரவிற்று. ஆஸ்திரிய அதிகாரிகள் சில வருஷங்களில் அந்தச் சங்கத்தைக் கலைத்தார்கள். அது வேறு பெயரில் மறுபடியும் எழுந்தது.

இந்த இராஜாளிக் கூட்டில் வளர்ந்த குஞ்சுதான் நாம் சொல்லப் புகுந்த லியோன் ஷ்டூகெல்.

அவர் 1898-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 12-ந் தேதி நோவோ மெஸ்தோ என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பெயரை நம் மொழியில் சொன்னால் புதூர் என்றாகும். கிர்க்கா நதி வளைந்தோடும் கரையில் அமைந்த ஊர் அது. சிறு பிராயத்திலேயே உள்ளூர் சோகோல் சங்கத்தில் சேர்ந்தார். வளர்ந்த பின்பும் அவர் குள்ளமானவரே. ஆனால் கம்பியிலும் வளையத்திலும் உயரம் ஒரு பாரம். குறுகிய உடலுக்கும் நெடிய மூச்சுக்கும்தான் அங்கே மதிப்பு. 1914-ல் யுத்தம் மூண்ட பிறகு ஆஸ்திரிய ஸர்க்கார் சோகோல் சங்கங்களைக் கலைத்துவிட்டது. ஷ்டூகெல் வாலிபம் எய்திய வருஷங்கள் இவ்வாறு சங்கமில்லாத வருஷங்களாயின. 1918-ல் அந்தப் பழைய சாம்ராஜ்யமே சிதறிப்போயிற்று. செர்பியர், குரோவேஷியர், ஸ்லோவீனியர் ஆகிய மூவகையாரும் சேர்ந்த புதிய ராஜ்யம் ஒன்று தோன்றியது. பின்னாளில் யூகோஸ்லாவியா என்று பெயர் பூண்டது அதுவே.

1922-ல் உலகத் தேகாப்பியாசப் போட்டி லுப்லியானாவிலேயே நடைபெற்றது. நான்கு வருஷங்களுக்கு முன்வரை வரைபடத்தில் தனிப்பெயர் இல்லாதிருந்த ஒரு ஜனசமூகத்தின் தலைநகரில் ஐரோப்பிய தேசங்களின் வீரர்கள் வந்து கூடினர். ஷ்டூகெல் உலகப் பட்டம் பெற்றது முதன்முதலாக அங்கேதான். ஆயினும் அவருடைய பெயரை உலகம் அறியச் செய்தது 1924-ல் பாரிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயமே.

அதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஜூலை மாதத்தில், பாரிஸை அடுத்த கொலோம்ப் மைதானத்தில், திறந்த வெளியில் போட்டி நடந்தது. இக்காலத்தைப் போல் கூரையிட்ட மண்டபமும் மெத்தை விரித்த தளமும் அப்போது இல்லை. கிடைக்கம்பி, இணைச்சட்டங்கள், வளையங்கள், மரக்குதிரை, குதிரை தாண்டுதல் ஆகியவற்றோடு கயிறு ஏறுதலும் ஒரு பந்தயமாக இருந்தது. 1932-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் கயிறு ஏறுதல் இல்லை. செக் தேசத்துச் சுப்சிக் என்பவர் 7.2 விநாடியில் உச்சியைத் தொட்டு அந்தப் பந்தயத்தை வென்றார். இவ்வளவையும் ஒரே மனிதர் செய்து, எல்லாவற்றின் மதிப்பெண்களையும் கூட்டி, யார் முதல்வர் என்று தீர்மானிப்பார்கள். ஒரு துறையில் மட்டும் மேதையாயிருப்பவருக்கு அங்கே வெற்றியில்லை.

கணக்கு முடிந்தபோது ஷ்டூகெல் பெற்றது 110.340. இரண்டாவதாக வந்த செக் வீரர் ராபர்ட் பிராஷாக் பெற்றது 110.323. வித்தியாசம் 0.017! பல நாட்கள், பல கருவிகள், கட்டாயப் பயிற்சிகள், சுயேச்சைப் பயிற்சிகள் எல்லாம் கழிந்தபின் ஒரு கால்விரல் நுனி நேராக நீண்டதா வளைந்ததா என்ற அளவுக்கே வேற்றுமை நின்றது. மூன்றாமிடம் மேற்கூறிய சுப்சிக்குக்கு. இவற்றோடு கிடைக்கம்பியிலும் தனியாக முதற்பரிசு ஷ்டூகெலுக்கே கிட்டிற்று. அவருடைய ராஜ்யம் ஒலிம்பிக்கில் பெற்ற முதல் தங்கப்பதக்கங்கள் இவையே.

வாசகர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் மூவரும் சோகோல் இயக்கத்தில் வளர்ந்தவர்கள். மூவரும் ஆறு வருஷங்களுக்கு முன்பு ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் பிரஜைகள். அந்தச் சக்கரவர்த்தி அப்போது இல்லை; அவருடைய அதிகாரிகள் கலைத்த சங்கத்தின் பிள்ளைகள் உலகத்தின் முன் வரிசையாக நின்றனர். தேகாப்பியாச வித்தையின் தாயகமாகிய ஜெர்மனியோ யுத்தத்தில் தோற்ற காரணத்தால் அந்தப் பந்தயத்துக்கு அழைக்கப்படவே இல்லை. ஜெர்மனியும் வந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம் என்று வாதிப்பவர் வாதிக்கட்டும். ஆஜராகாத கக்ஷிக்காகத் தீர்ப்பை நிறுத்திவைப்பது எந்தக் கோர்ட்டிலும் வழக்கமில்லை.

ஷ்டூகெல் சட்டம் பயின்றவர். பிறந்த ஊரிலும், பின்னர் லேனார்ட், மரிபோர் ஆகிய ஊர்களிலும் நீதிபதியாக வேலை பார்த்தார். பகலில் வழக்குக் கேட்டுத் தீர்ப்பெழுதும் கை மாலையில் வளையத்தைப் பற்றும். பந்தயத்தால் ஒரு காசும் அவருக்கு வரவில்லை. அக்காலத்து ஒலிம்பிக் விதியும் அதுவே. ஓய்வு நேரத்தில் பழகி உலகத்தின் முதல் வரிசையில் பதினான்கு வருஷங்கள் நிற்பது எத்தகைய காரியம் என்பதை, கட்டுக் கட்டாக வழக்குக் காகிதங்களைப் படித்து மாலையில் சாய்வு நாற்காலியைத் தேடும் நம் போன்றவர்கள் எளிதில் உணர்வோம்.

1928-ல் ஆம்ஸ்டர்டாமில் வளையங்களில் தங்கம் பெற்றார். அனைத்துக் கருவிகளின் கூட்டிலும், கோஷ்டிப் போட்டியிலும் வெண்கலம். வளையம் என்பது பார்வைக்கு எளிய கருவி. மேலிருந்து தொங்கும் இரண்டு கயிறுகளின் நுனியில் இரண்டு மரவட்டங்கள், அவ்வளவே. கிடைக்கம்பி அசையாது, மரக்குதிரை அசையாது. வளையமோ பிடித்தவன் நடுங்கினால் தானும் நடுங்கும். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்துச் சிலுவை போல் உடலை நிறுத்துகையில், கயிறு அசையாதிருப்பதே அவன் மனம் அசையாதிருப்பதற்கு அத்தாட்சி. இக்கருவியில்தான் ஷ்டூகெல் தம் வாழ்நாளின் இறுதிவரை பெயர் பெற்றிருந்தார்.

இதற்கிடையே நாட்டின் நிலைமை மாறிற்று. 1929-ல் அலெக்ஸாண்டர் மன்னர் அரசியல் சட்டத்தை நீக்கிச் சர்வாதிகாரம் பூண்டார். அவ்வருஷ இறுதியில் பழைய சோகோல் கலைக்கப்பட்டு, ராஜ்யத்தின் சோகோல் என்று ஸர்க்கார் சார்பான புதிய ஸ்தாபனம் ஏற்பட்டது. கத்தோலிக்கர்கள் தனியே நடத்திவந்த ‘ஓரெல்’ என்ற போட்டிச் சங்கத்துக்கு இடமில்லாமற் போயிற்று. அந்நிய ஆட்சி கலைத்தபோது மறுபடி எழுந்த சங்கத்தைச் சொந்த அரசன் அணைத்துக்கொண்டே அடக்கிவிட்டான். இதைச் சோகோல் இயக்கத்தின் பெருமையாகச் சொல்வாரும் உண்டு. நமக்கு அது அதன் வீழ்ச்சியின் தொடக்கமாகவே தோன்றுகிறது. ஸர்க்காரின் சம்பளப் பட்டியலில் சேர்ந்த இராஜாளி எவ்வளவு உயரம்தான் பறக்கும்?

1930-ல் லக்ஸம்பர்க்கில் நடந்த உலகப் போட்டியில் யூகோஸ்லாவிய கோஷ்டியைச் சேர்ந்த அன்டோன் மாலெய் என்ற இளைஞர் வளையத்திலிருந்து விழுந்து உயிர் நீத்தார். ஷ்டூகெலின் சொந்த நாட்டுத் தோழர், அதே கருவி. அதற்குப் பின்னும் ஷ்டூகெல் அந்த வளையத்தை விடவில்லை. 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு யூகோஸ்லாவியா தன் தேகாப்பியாச கோஷ்டியை அனுப்பவில்லை. உலகெங்கும் பணமுடை மிகுந்திருந்த காலம் அது. அட்லாண்டிக் கடலைத் தாண்டும் செலவு ஏழை ராஜ்யத்துக்கு ஏற்றதன்று. அவரது முப்பத்து மூன்றாம் வயதில், தேகம் பக்குவமாயிருந்தபோது, ஒரு ஒலிம்பிக் இவ்வாறு வீணாயிற்று.

1936-ல் பெர்லினில் அவர் மறுபடியும் வந்து நின்றார். வயது முப்பத்தேழு. எதிரிகளுட் பலர் அவரைவிடப் பத்து வயது இளையவர்கள். ஹிட்லர் தன் ஆட்சியின் விளம்பரமாக நடத்திய பந்தயம் அது. யான் முதன்முதலாகக் கம்பி நாட்டிய ஹாஸன்ஹைடேயும் அதே நகரில்தான் இருந்தது. வளையங்களில் செக் வீரர் அலாய்ஸ் ஹூடெக் தங்கம் பெற்றார், ஷ்டூகெலுக்கு வெள்ளி, ஜெர்மானியருக்கு மூன்றாமிடம். அத்துடன் அவர் போட்டிகளிலிருந்து விலகினார். 1922 முதல் 1936 வரை ஏழு பெரும் போட்டிகளில் கலந்து, எட்டுத் தங்கம், ஆறு வெள்ளி, ஆறு வெண்கலம் ஆக இருபது பதக்கங்கள் அவர் கணக்கில் சேர்ந்திருந்தன. அவற்றுள் ஆறு ஒலிம்பிக்கில் பெற்றவை.

இனிச் சொல்லவேண்டியது துயரமான பகுதி. 1941 ஏப்ரலில் ஜெர்மனியும் இத்தாலியும் யூகோஸ்லாவியாவைப் பங்கிட்டுக்கொண்டன. மரிபோர் நகரும் அதனைச் சூழ்ந்த நாடும் ஜெர்மானியர் வசமாயின. ஸ்லோவீனியக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் ஊரை விட்டு விரட்டப்பட்டன. 1945-ல் விடுதலை வந்தது. டிட்டோவின் தலைமையில் கம்யூனிஸ்ட் அரசாங்கம் அமைந்தது. ஷ்டூகெலோ மன்னராட்சியிடம் அபிமானம் கொண்டவர். அந்தக் குற்றத்துக்காக அவர் நீதிபதிப் பதவியை இழந்தார். நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தவர், அதன் பிறகு மரிபோரில் சட்டத்துறையில் உதவியாளராக வேலை செய்து பிழைத்தார்.

அவருடைய ராஜபக்தி நமக்கு உடன்பாடன்று. சர்வாதிகாரம் பூண்ட மன்னர் பரம்பரையிடம் ஜனநாயக விரோதம் தவிர வேறென்ன கண்டார் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் ஒரு நீதிபதி தன் தீர்ப்புகளில் நேர்மை தவறினாரா என்பது ஒரு கேள்வி. அவர் மனத்தில் எந்தக் கொடிக்கு மரியாதை வைத்திருந்தார் என்பது வேறு கேள்வி. இரண்டாவதைக் கொண்டு முதலாவதற்குத் தண்டனை விதிப்பது, கம்பியில் தொங்குவதைத் தடைசெய்த பிரஷ்யாக்காரரின் நியாயத்துக்குத் தாழ்ந்ததேயன்றி உயர்ந்ததன்று. விடுதலை பெற்ற தேசங்களிலேயே இவ்வழக்கம் அதிகமாகக் காணப்படுவதுதான் விசனத்துக்குரியது.

அவர் முணுமுணுக்காமல் இருந்தாரோ, முணுமுணுத்தாரோ, தேகாப்பியாசத்தை மட்டும் விடவில்லை. தொண்ணூறு வயது கடந்த பின்பும் அன்றாடம் பயிற்சி செய்துவந்தார். லுப்லியானாவில் மிரோஸ்லாவ் சேரார் என்ற இளைஞர் தோன்றி, மரக்குதிரையில் 1964-ல் டோக்கியோவிலும் 1968-ல் மெக்ஸிகோவிலும் தங்கம் வென்றார். அவரும் சட்டம் பயின்றவரே. இருபது லக்ஷம் ஜனங்கள் கொண்ட ஒரு சிறு நாட்டில் சட்டமும் வளையமும் இவ்வாறு சேர்ந்து நடந்தது எப்படி என்று நமக்கு இன்னும் விளங்கவில்லை.

1991 ஜூன் 25-ல் ஸ்லோவீனியா தனி நாடாகத் தன்னைப் பிரகடனம் செய்துகொண்டது. ஷ்டூகெல் அப்போது தொண்ணூற்றிரண்டு வயதினர். ஆஸ்திரியச் சக்கரவர்த்தி, செர்பிய மன்னர், ஆக்கிரமித்த அந்நியர், கம்யூனிஸ்ட் அரசு என எத்தனையோ கொடிகள் ஏறி இறங்கக் கண்டவர் தம் மொழி பேசும் ஜனங்களுக்கென்றே ஒரு கொடி ஏறியதையும் கண்டார். 1996 ஜூலையில் அட்லாண்டா ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில், அப்போது உயிரோடிருந்த ஒலிம்பிக் தங்க வீரர்களுள் மிக மூத்தவர் என்று அவரை அறிமுகப்படுத்தினார்கள். தொண்ணூற்றேழு வயதுக் கிழவர் தள்ளாடிக்கொண்டு வருவார் என்று எதிர்பார்த்த ஜனத்திரள், அவர் துள்ளிக்கொண்டு வந்ததைக் கண்டு ஆரவாரித்தது. அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் அவருடன் கைகுலுக்கினார்.

1998-ல் அவருக்கு நூறு வயது நிறைந்தது. 1999 நவம்பர் 8-ந் தேதி, நூற்றொன்று நிறைய நான்கு நாட்கள் இருக்கையில், மரிபோரில் காலமானார். பிறந்த ஊரான நோவோ மெஸ்தோவில் விளையாட்டு மண்டபத்துக்கும், பதவி பறிபோன பின் உதவியாளராக உழைத்த மரிபோரில் ஒரு சதுக்கத்துக்கும் இன்று அவருடைய பெயர் வழங்குகிறது.