மாட்டுக் கூண்டுக்குள் புகுந்த பெண்!

அமெரிக்காவில் அரிசோனா என்று ஒரு மாகாணம். வெயில் கடுமை. மாட்டுப் பண்ணைகள் நிறைய உண்டு.

1960-களில் ஒரு கோடை விடுமுறை. பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி தன் அத்தையின் பண்ணைக்கு வந்திருந்தாள். அங்கே மாடுகளுக்குத் தடுப்பு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊசி என்றால் மாடு சும்மா நிற்குமா? துள்ளும், முட்டும். அதற்காக ஒரு கூண்டு வைத்திருந்தார்கள். மாடு உள்ளே போனதும் இரண்டு பக்கத்துத் தட்டிகளும் நெருங்கி வரும். மாட்டின் விலாவை அணைத்தாற்போல் அழுத்தும்.

அந்தப் பெண் கூர்ந்து கவனித்தாள். மிரண்டு வந்த மாடுகள் சில, அழுத்தம் பட்டதும் சாதுவாக நின்றன.

உடனே அவள் அத்தையிடம் போய், தன்னையும் அந்தக் கூண்டில் விட்டு அழுத்தும்படி கேட்டாள்!

அத்தை என்ன நினைத்தாரோ தெரியாது. கேட்டபடி செய்தார். முதலில் பெண்ணுக்குக் கிலி பிடித்தது. உடம்பு விறைத்தது. எல்லாம் சில விநாடிகள்தான். பிறகு, அதுவரை அறியாத ஒரு நிம்மதி உடம்பெல்லாம் பரவியது. வெளியே வந்து ஒரு மணி நேரம் வரை அந்த நிம்மதி இருந்தது.

அந்தப் பெண்தான் டெம்பிள் கிராண்டின். 1947-ல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். பிற்காலத்தில் கொலராடோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் கால்நடை விஞ்ஞானப் பேராசிரியை ஆனார். அவருக்கு ஆட்டிசம் உண்டு.

அணைத்தால் விலகும் குழந்தை

டெம்பிளுக்கு மூன்றரை வயது வரை பேச்சு வரவில்லை. எங்காவது விடுதியில் சேர்த்துவிடலாம் என்று வைத்தியர்கள் யோசனை சொன்னார்கள். தாயார் கேட்கவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். பேச்சு வந்தது.

ஆனால் வேறு ஒரு கஷ்டம் இருந்தது. யாராவது ஆசையாகக் கட்டி அணைத்தால் குழந்தை விறைத்து விலகிவிடும். அன்பு பிடிக்காமல் அல்ல. அணைப்பு வேண்டும் என்ற ஏக்கம் உள்ளே இருந்தது. ஆனால் அணைத்தவுடன் கடல் அலை வந்து மூழ்கடிப்பது போல் இருக்குமாம்! பள்ளிக்கூட மணி அடித்தால், பல் வைத்தியர் நரம்பைக் குடைவது போல் காதில் வலிக்குமாம். சொரசொரப்பான பாவாடை உடம்பில் பட்டால் தாங்க முடியாது. இவற்றையெல்லாம் அவரே பிற்காலத்தில் புத்தகங்களாக எழுதினார்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. கண், காது, தோல், மூக்கு, நாக்கு ஆகியவை கொண்டுவரும் செய்திகளை மூளை வாங்கிக்கொள்ளும் விதம் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு நமக்குச் சிறிய சத்தம் பெரிய இடி. நமக்கு மெல்லிய வெளிச்சம் அவர்களுக்குக் கண்ணில் குத்தும் ஊசி. வேறு சிலருக்கு நேர்மாறு. அடிபட்டாலும் வலி தெரியாது. சூடு பட்டாலும் கையை எடுக்கத் தோன்றாது. குதிப்பார்கள், சுற்றுவார்கள், மெத்தைக்கு அடியில் போய்ப் படுப்பார்கள். உடம்புக்கு வேண்டிய உணர்ச்சியைத் தேடித்தான் இத்தனையும். ஒரே குழந்தையிடம் இரண்டு வகையும் இருப்பதும் உண்டு.

ஆட்டிசத்துக்குத் தமிழில் சில இடங்களில் “புற உலகச் சிந்தனை அற்றவர்” என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. புற உலகம் வேண்டிய மட்டும் அளவோடு வந்தால் அல்லவா சிந்திப்பதற்கு? இந்தக் குழந்தைகளுக்கு அது வாசலை உடைத்துக்கொண்டு வருகிறது!

பழி தாயின் மேல்

1943-ல் பால்டிமோர் நகர டாக்டர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் பற்றிய புகழ் பெற்ற கட்டுரை அது. சத்தமிடும் சாமான்களைக் கண்டு இந்தக் குழந்தைகள் நடுங்குவதையும் அவர் குறித்திருக்கிறார். மின்சாரத் துடைப்பம், லிப்ட், முட்டை அடிக்கும் கருவி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

கண்ணால் கண்டு எழுதியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில், ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகப் புலன் வேறுபாடு சேர்க்கப்பட்டது 2013-ல்தான். எழுபது ஆண்டுகள்!

இடையில் நடந்த அநியாயத்தைச் சொல்ல வேண்டும். குழந்தை அணைப்பை விலக்குகிறதா? தாய்க்கு அன்பு போதாது என்று பெரிய நிபுணர்களே சொன்னார்கள். “குளிர்பதனப் பெட்டித் தாய்” என்று பட்டம் வேறு! பெற்றவள் அழுதாள். 1964-ல் பெர்னார்டு ரிம்லாண்டு என்ற மனோதத்துவ நிபுணர், ஆட்டிசம் பிறவியிலேயே உள்ள உடற்கூறு சம்பந்தப்பட்டது என்று புத்தகம் எழுதி எதிர்த்தார். அவரும் அப்படி ஒரு பையனுக்குத் தகப்பனார்தான். தாய் வளர்ப்பால் ஆட்டிசம் வருவதில்லை என்பது இன்று தீர்ந்துபோன விஷயம். ஆனாலும் நம் வீடுகளில் மாமியாரும் நாத்தனாரும் இன்னும் தாயைத்தான் கேட்கிறார்கள்.

பிடி அவர் கையில்

பண்ணையில் கண்டதை டெம்பிள் மறக்கவில்லை. 18 வயதில் பலகைகளைக் கொண்டு தனக்கென்று ஓர் அழுத்தும் யந்திரம் செய்தார்.

பள்ளிக்கூடத்து மனோதத்துவ நிபுணருக்கு அது பிடிக்கவில்லை. இது விபரீதம், பிடுங்கிவிட வேண்டும் என்றார்கள். பெண்ணுக்கு ஆறுதல் தந்த ஒரே பொருள் அது!

அந்த நேரத்தில் கைகொடுத்தவர் விஞ்ஞான ஆசிரியர் வில்லியம் கார்லாக். யந்திரத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அழுத்தம் ஏன் மனத்தை அமைதிப்படுத்துகிறது என்று தெரிய வேண்டுமானால் விஞ்ஞானம் படி என்றார். டெம்பிள் படித்தார். 1989-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1992-ல் அந்த அழுத்தத்தைப் பற்றியே விஞ்ஞானப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார்.

அந்த யந்திரத்தில் ஒரு விசேஷம் உண்டு. எவ்வளவு அழுத்துவது, எப்போது நிறுத்துவது என்பதை உள்ளே இருப்பவரே தீர்மானிக்கலாம். இயக்கும் பிடி அவர் கையிலேயே இருக்கிறது. மற்றவர் பலவந்தமாக அணைத்தபோது தாங்காத உடம்பு, தானே அளவு வைத்துக்கொண்டபோது தாங்கியது. 2010 வாக்கில் பத்திரிகையாளர் கேட்டபோது, யந்திரம் பழுதாகி இரண்டு ஆண்டு ஆகிறது, சரிசெய்யவில்லை, இப்போது மனிதர்களையே அணைத்துக்கொள்கிறேன் என்றார் டெம்பிள்.

ஊஞ்சலில் ஒரு சிகிச்சை

ஏறக்குறைய அதே காலத்தில் கலிபோர்னியாவில் ஜீன் ஏர்ஸ் என்ற அம்மையார் புலன்களுக்கான ஒரு பயிற்சி முறையை உண்டாக்கிவந்தார். 1972-ல் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். அவருடைய சிகிச்சை அறையைப் பார்த்தால் விளையாட்டுக் கூடம் என்றே நினைப்பீர்கள். ஊஞ்சல், பெரிய பந்து, ஏறுவதற்குப் பலகை. எதில் ஏறுவது என்பதைக் குழந்தையே காட்டும். சிகிச்சை செய்பவர் அதைப் பின்தொடர்ந்து, சற்றே முயன்றால் எட்டக்கூடிய அளவில் அடுத்த வேலையை வைப்பார்.

இதனால் எல்லாம் மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்த முறைக்கு ஆதாரம் இன்னும் போதாது, பலனை அவ்வப்போது அளந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-ல் பெற்றோருக்கு எச்சரித்தது. கனமான போர்வையைப் போர்த்தினால் இந்தக் குழந்தைகள் நன்றாகத் தூங்குவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இங்கிலாந்தில் சோதித்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். தூக்கம் கூடவில்லை. ஆனால் வேடிக்கை பாருங்கள்: சாதாரணப் போர்வையை விடக் கனமானதுதான் பிடித்திருக்கிறது என்று குழந்தைகளும் சொன்னார்கள், பெற்றோரும் சொன்னார்கள்! குழந்தை தானே விலக்கிவிட முடியாத கனம் மட்டும் ஆகவே ஆகாது. அது ஆபத்து.

நம் வீட்டில்

குக்கர் விசில் அடிக்கிறது. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது. “என்ன அடம்!” என்று முதுகில் ஒன்று வைக்கிறோம். அடம் அல்ல, அம்மா, வலி.

மிக்சி போடுமுன் சொல்லிவிட்டுப் போடலாம். அடுத்த அறைக்குப் போகக் குழந்தைக்கு நேரம் கிடைக்கும். சட்டைக் கழுத்தில் தைத்த துணிச்சீட்டைப் பிரித்துவிடலாம். பழைய, துவைத்து மெத்தென்றான துணி நல்லது. கல்யாண வீட்டில் மேளத்துக்கு எதிரே உட்காராமல், வாசல் பக்கம் உட்காரலாம். காதை மூடும் கருவி மாட்டினால் நாலு பேர் பார்ப்பார்கள். பார்க்கட்டும். தீபாவளியன்று ஜன்னலைச் சாத்திவிட்டு யாராவது ஒருவர் குழந்தையோடு உள்ளே இருக்கலாம். குழம்பையும் சோற்றையும் பிசைந்தால் தொடாத பிள்ளைக்குத் தனித்தனியாகவே வையுங்கள்.

வலி தெரியாத பிள்ளையானால், சாயந்தரம் கை கால்களை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். காயம் இருக்கும், சொல்லத் தெரியாது.

கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது இவற்றைத் தடுத்து, கையைப் பிடித்து உட்காரவைக்கும் பழக்கம் உண்டு. தனக்குத் தானே ஆறுதல் தேடும் வழி அது. யாருக்கும் காயம் இல்லையென்றால் விட்டுவிடலாம். தலையை முட்டிக்கொண்டால், கையைக் கடித்துக்கொண்டால் மட்டும் டாக்டரிடம் போக வேண்டும். காதுவலி, பல்வலி போன்ற வேறு நோவு உள்ளே இருக்கக்கூடும்.

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிப்பது அவசியம். அதன் பிறகு புலன் பயிற்சிக்கு ஆக்குபேஷனல் தெரபி நிபுணரிடம் போகலாம். போகும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “என் பிள்ளை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?” நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்பேன் என்கிறவரிடம் விடுங்கள். அழுதாலும் பழகிவிடும் என்கிறவரிடம் வேண்டாம். பயிற்சி நடக்கும்போது பெற்றோரை உள்ளே விடாத இடமும் வேண்டாம்.

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. ஆட்டிசம் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. அரசு மருத்துவமனையில் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்கலாம். சான்றிதழ் இருந்தால், மணி அடிக்கும் இடத்துக்குத் தள்ளி உட்காரவைக்கும்படி பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.