பழைய சிறிய கார் வாங்கலாமா? வன்னியிலிருந்து ஒரு கணக்கு

புதுக்குடியிருப்பில் இருக்கும் என்னுடைய சின்னம்மா ஒரு பழைய கார் வாங்க வேண்டும் என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மூத்த மகன் 15 இலட்சம் ரூபா அனுப்பச் சம்மதித்திருக்கிறார். சின்னம்மாவுக்கு நீரிழிவும் இதயக் கோளாறும் இருக்கின்றன. கிளினிக் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில். கூட இருக்கும் இளைய மகனுக்கு 2009இல் இடது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. இந்த வீட்டுக்காகச் சில மாதங்களாக விளம்பரங்களையும் கராஜ்களையும் தரகர்களையும் சுற்றி வருகிறேன். வன்னியில் பல வீடுகளில் இதே பேச்சு நடப்பதால் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன்.

15 இலட்சத்துக்குள் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் மாருதி 800. சில இடங்களில் டாட்டா நனோ. இரண்டாயிரத்துப் பத்துக்களில் வந்த அல்ரோ 800, மலேசியாவின் வீவா எலைட், யப்பானின் வாகன் ஆர் எல்லாம் அந்தத் தொகைக்கு அப்பால் நிற்கின்றன. இருபது வருடம் ஓடிய காருக்கு இந்த விலையா என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் தொலைபேசியில் வாயைப் பிளக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடையில் ரூபா விழுந்தது. திறந்த பிறகும் புதிய கார்களின் வரி சாதாரண வீடுகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே பழையதின் விலை இறங்குவதாக இல்லை. வாங்கிய விலைக்கே திருப்பி விற்கலாம் என்று தரகர்கள் சொல்வது இதனால்தான். அது ஓரளவு உண்மை. ஆனால் இடையில் அந்தக் காருக்குள் போடும் காசை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

மாருதி 800ஐப் பற்றி முதலில் நல்லதைச் சொல்கிறேன். 796 சீ.சீ., மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 650 கிலோ எடை. இந்தியாவில் 1983 முதல் 2014 வரை செய்யப்பட்ட கார். அதனால் உதிரிப்பாகம் கிடைக்காது என்ற பேச்சுக்கு இடமில்லை. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இல்லாத சாமான் கொழும்பிலிருந்து பஸ்ஸில் மறுநாள் வந்துவிடும். ஊர் மெக்கானிக் மரத்தடியில் வைத்தே அதைக் கழற்றிப் பூட்டுவார். கணினி பூட்டிப் பார்க்க வேண்டிய வேலை குறைவு.

திருத்தக்கூடிய வாகனத்தின் அருமை எங்கள் சனத்துக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாத காலத்தில் ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் செய்ய மட்டும் சில துளி பெற்றோல். புகையும் மணமும் தாங்க முடியாது. ஆனாலும் பிள்ளைப்பேற்றுக்கும் காயப்பட்டவர்களுக்கும் அவைதான் ஓடின. இன்றைய மாருதியை மண்ணெண்ணெயில் ஓட்டுங்கள் என்று சொல்லவில்லை. கையால் திருத்தக்கூடிய எளிமை அதிலும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

எரிபொருளுக்கு வருவோம். புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் போய்வரச் சுமார் 200 கிலோமீற்றர். விளம்பரத்தில் லீற்றருக்கு 20, 22 என்று போடுவார்கள். ஏ.சி. போட்டு, நான்கு பேரை ஏற்றி ஓடும் பழைய காருக்கு 15 என்றே நான் கணக்கு வைக்கிறேன். லீற்றர் 300 ரூபா என்றால் ஒரு பயணத்துக்கு 4,000 ரூபா. 2022இல் பெற்றோல் 470 ரூபாவைத் தொட்டதையும், கியூ.ஆர். அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்ததையும் மறந்துவிட முடியாது. அந்த 20 லீற்றரில் சின்ன எஞ்சின் கார் யாழ்ப்பாணம் போய்த் திரும்பியிருக்கும். பெரிய வான்களுக்கு அதே தூரம் சிரமம்.

எரிபொருள் மட்டும் செலவல்ல. காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, ஒயில் மாற்றுவது, மூன்று வருடத்துக்கு ஒரு பற்றரி, அதற்கடுத்து ரயர். பெரிய பழுது எதுவும் வராவிட்டாலும் வருடத்துக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்பது என் மதிப்பீடு. இதைக் கூலி வாகனத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் அதே பயணத்துக்கு வான்காரர் 12,000 ரூபா கேட்டால், சொந்தக் காரில் ஒரு பயணத்துக்கு மிஞ்சுவது 8,000. ஒரு இலட்சத்தை ஈடுகட்டவே வருடத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பயணம் ஓட வேண்டும். கார் வாங்கிய காசு இந்தக் கணக்கில் சேரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு கிளினிக் மட்டும்தான் என்றால் கூலி வாகனமே மலிவு.

இதை நான் சின்னம்மாவிடம் சொன்னேன். “ராத்திரியில நெஞ்சு நோகேக்க வான்காரன் ஃபோன் எடுக்காட்டி என்ன தம்பி செய்யிறது?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என் கொப்பியில் இலக்கம் இல்லை. பத்து மணிக்குப் பிறகு பஸ் இல்லாத, பக்கத்து வீடு கூப்பிடு தொலைவில் இல்லாத இடங்களில் கார் என்பது வேறு சாமான்.

இனிக் கெட்டது. முதலாவது பாதுகாப்பு. 2014 ஜனவரியில் குளோபல் என்கெப் என்ற அமைப்பு இந்தியாவின் சிறிய கார்கள் சிலவற்றை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதிப் பரிசோதித்தது. காற்றுப்பை இல்லாத அல்ரோ 800, டாட்டா நனோ இரண்டுமே பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூச்சிய நட்சத்திரம் பெற்றன. மாருதி 800 இவற்றுக்கும் முந்திய வடிவமைப்பு. ஏ9 வீதியில் சொகுசு பஸ்கள் முந்திக்கொண்டு எதிரே வரும் வேகம் எல்லோருக்கும் தெரியும். மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போவதைவிடக் கார் நல்லது என்ற வாதம் சரிதான். ஆனால் காருக்குள் இருக்கிறோம் என்ற துணிவில் 80, 90இல் ஓட்டுவதற்கான தகடு அதில் இல்லை. 60ஐத் தாண்டாமல், பின் இருக்கைக்கும் பட்டி பூட்டி, முடிந்தவரை பகலில் ஓட்ட வேண்டிய கார் அது.

இரண்டாவது, உடல் இயலாதவர்களுக்கு இந்த மலிவுக் கார்கள் வசதியானவை அல்ல. மாருதியின் இருக்கை பதிவானது. முழங்கால் நோவுள்ளவர்கள் இறங்க ஒரு கை பிடிக்க வேண்டும். டிக்கியில் மடித்த சக்கர நாற்காலி போகாது. பின் இருக்கையைச் சாய்த்தால் போகும், ஆனால் அப்போது இரண்டு பேர்தான் பயணிக்கலாம். உயரமான வாகன் ஆர் இதற்கு எவ்வளவோ மேல்.

கிளச் விடயம் இன்னும் முக்கியமானது. இந்த விலையில் கிடைப்பவை அனேகமாக எல்லாமே கையால் கியர் போடுபவை. முழங்காலுக்குக் கீழே கால் இழந்து, நல்ல செயற்கைக் காலோடு பழகியவர்கள் சிலர் கிளச் மிதிக்கிறார்கள். முழங்காலுக்கு மேலே என்றால் அது பாதுகாப்பான காரியமல்ல. ஓட்டோமற்றிக் காருக்கு வலது கால் போதும். ஆனால் வீவா எலைட் ஓட்டோமற்றிக் ஒன்றுக்கு மாருதியைப் போல இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள். எப்படியும் சாரதி அனுமதிப்பத்திரத்துக்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அங்கே போய், எந்த வாகனத்துக்கு, என்ன நிபந்தனையோடு அனுமதி கிடைக்கும் என்று கேட்ட பிறகுதான் காருக்கு முற்பணம் கொடுக்க வேண்டும். காரை முற்றத்தில் நிறுத்திவிட்டு ஓட்டுநருக்குச் சம்பளம் தேடும் வீடுகள் இருக்கின்றன.

மூன்றாவது, காசு எங்கிருந்து வருகிறது என்பது. நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். “இருக்கிற 15ஐக் கட்டுங்கோ, மிச்சத்துக்கு லீசிங் போடலாம்” என்று தரகர் சொல்வார். 2009க்குப் பிறகு ஏ9 திறந்ததும் வங்கிகளுக்குப் பின்னால் லீசிங் கம்பனிகளும் வடக்குக்கு வந்தன. ஓட்டோவும் உழவு இயந்திரமும் கட்டுக்காசு கட்ட முடியாமல் இழுத்துச் செல்லப்பட்டதை எங்கள் ஊர்களில் பார்த்திருக்கிறோம். ஓட்டோவும் உழவு இயந்திரமுமாவது உழைத்துத் தரும். வீட்டுக் கார் ஒரு சதமும் உழைக்காது. மாதக் கட்டுக்காசு கூலி வேலையிலிருந்தோ, வெளிநாட்டுப் பிள்ளையின் இரண்டாவது வேலையிலிருந்தோதான் வர வேண்டும். அவருக்கு வேலை போனால் இங்கே கார் போகும். ஆகவே என் முடிவு: கையிலுள்ள காசுக்குள் வருவதை மட்டும் வாங்குங்கள். அந்தக் காசையும் முழுவதாகக் கொடுக்க வேண்டாம். 15 இருந்தால் 12க்குத் தேடுங்கள். மூன்று இலட்சம் முதல் வருடத் திருத்த வேலைக்குப் போய்விடும். ரயர், பற்றரி, கிளச் தட்டு, ரேடியேற்றர் எல்லாம் விற்பவர் மாற்றாமல் விட்டுவைத்தவையாகவே இருக்கும்.

அடுத்தது பத்திரம். பழைய கார்களில் பல “ஓப்பின் பேப்பரில்” கைமாறியவை. பதிவில் இருப்பவர் வேறு, விற்பவர் வேறு. திகதி போடாமல் கையெழுத்து வைத்த படிவம் மூன்று நான்கு பேரைத் தாண்டி வந்திருக்கும். பதிவு உரிமையாளர் இறந்திருந்தால், அல்லது கையெழுத்துப் பிழை என்று அலுவலகம் சொன்னால், யாரைத் தேடிப் போவீர்கள்? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து, இப்போதைய உரிமையாளர் யார், லீசிங் பாக்கி பதியப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டே முற்பணம் கொடுக்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

வடக்கு, கிழக்கில் இன்னொரு நிலைமையும் உண்டு. கணவர் பெயரில் பதிந்த வாகனம், கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். மரணச் சான்றிதழ் வாங்க மனம் ஒப்பாத மனைவிமார் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தோடு காணாமற்போனமைக்கான சான்றிதழ் வந்தது. அதையும் எல்லோரும் எடுக்கவில்லை. அப்படியொரு வாகனம் விலைக்கு வந்தால், பத்திரம் இல்லை என்று சொல்லி அரை விலைக்கு இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அநியாயம். பத்திரம் ஒழுங்காகாமல் முழுக் காசையும் கொடுப்பது வாங்குபவருக்கு ஆபத்து. இரண்டு பக்கமும் ஒரு சட்டத்தரணியிடம் போய், என்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பேசுவதே சரி. அவசரக்காரர்கள் வேறு காரைப் பார்க்கட்டும்.

காரைப் பார்க்கப் போகும்போது விடியக் காலையில் போங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். வரமுன்பே விற்பவர் ஸ்ரார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். முதல் ஸ்ரார்ட்டில் நீலப் புகை வந்து நிற்காமல் தொடர்ந்தால் எஞ்சின் ஒயில் குடிக்கிறது. ஒயில் மூடியின் உட்பக்கம் பால் நிறத்தில் பசை இருந்தால் தண்ணீர் கலக்கிறது, பேச்சை நிறுத்திவிடுங்கள். கிலோமீற்றர் மானியை நம்ப வேண்டாம். மிதிகளின் இறப்பரையும் ஸ்ரேறிங்கையும் பாருங்கள். 60,000 ஓடியதாகச் சொல்லும் காரில் மிதி மொட்டையாக இருக்காது. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 1419 என்றால் 2019இன் 14ஆவது வாரம் செய்தது. தடிப்பாகத் தெரிந்தாலும் அது பழைய ரயர்.

எல்லாவற்றையும்விடக் கறள். முல்லைத்தீவு, மன்னார், யாழ்ப்பாணக் கரையோரங்களில் ஓடிய கார்களை உப்புக் காற்று கீழிருந்து தின்கிறது. மேலே புதுப் பெயின்ற் மினுங்கும். கால் விரிப்பைத் தூக்கி, உதிரிச் சில்லை எடுத்து, கதவுக்குக் கீழுள்ள தகட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். இருக்கை பூட்டிய ஆணிகளில் சேறும் கறளும் இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற காராக இருக்கலாம். எஞ்சினைக் கழற்றித் திருத்தலாம். அடித்தகடு உக்கிப்போனால் ஒட்டு மேல் ஒட்டுத்தான். 5,000 ரூபா கொடுத்தாவது உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம்.

டாட்டா நனோவைப் பற்றியும் கேட்கிறார்கள். 624 சீ.சீ., இரண்டு சிலிண்டர், எஞ்சின் பின்னால். விலை இறங்கும், உள்ளே இடமும் தாராளம். ஆனால் 2018இல் தயாரிப்பு நின்றுவிட்டது. அதைத் தெரிந்த மெக்கானிக்குகள் எங்கள் பக்கம் குறைவு. வன்னிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

சின்னம்மா வீட்டில் இப்போது ஒரு முடிவு வந்திருக்கிறது. கார் ஓட்டப்போவது இளைய மருமகள். தையல் வேலை செய்கிறவர். சாரதிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்து, எழுத்துப் பரீட்சைக்குப் படிக்கிறார். பவர் ஸ்ரேறிங் இல்லாத மாருதி நிறுத்தும்போது கொஞ்சம் பாரமாக இருக்கும். ஓடத் தொடங்கினால் இலேசு. அனுமதிப்பத்திரம் கையில் வந்த பிறகுதான் மூத்தவர் காசு அனுப்புவார். அதுவரைக்கும் கிளினிக்குக்கு வானில்தான் போகிறார்கள். வவுனியாவில் ஒரு மாருதியைப் பார்த்து வைத்திருக்கிறேன், கேட்பது 12.5 இலட்சம். பதிவில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்று. சனிக்கிழமை மெக்கானிக்கோடு போய் அடித்தகடு பார்க்க வேண்டும்.