கழுவெளிச் சேறு

செஞ்சியிலிருந்து கடலோரப் பறவைகளைப் படம்பிடிக்கக் கிளம்புகிறவர்கள் முதல் தடவை நேரே போய் நிற்பது கடற்கரை மணலில்தான். அங்கே ஓரிரண்டு ஆலாக்கள் பறக்கும், காக்கைகள் திரியும். கூட்டம் இருப்பது மணல்மேட்டுக்கு இந்தப்புறம், கழியிலும் சேற்றிலும் உப்பளப் பாத்திகளிலும்.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாகப் போனால் சுமார் 65 கிலோமீட்டரில் மரக்காணம். ஊருக்குத் தெற்கே புதுச்சேரியை நோக்கி நீண்டு கிடக்கிறது கழுவெளி. சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. 2021 டிசம்பரில் இதன் 5,151.6 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இங்கே வந்து சேர்கிறது. கடல்நீர் எடையன்திட்டுக் கழி வழியாக ஏறுகிறது. மழை நின்றதும் ஓரங்கள் வற்றத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் புதுச் சேறு வெளிப்படும். அந்தச் சேற்றுக்குள் புழு, நத்தை, சிறு நண்டு. வடக்கிலிருந்து பறவைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருவது இந்த இரைக்காகத்தான்.

ஒரே சேற்றில் இத்தனை வகைப் பறவைகள் சண்டையில்லாமல் மேய்வதற்கு அலகின் நீளம் ஒரு காரணம். சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளான் தன் குட்டை அலகால் மேற்பரப்பைக் கொத்துகிறது. கருவால் மூக்கனின் அலகோ நீளம்; அதைக் கண் அருகே வரை சேற்றில் செருகித் துழாவும். அலகின் நுனியில் உணர்வு நரம்புகள் நெருங்கியிருப்பதால் உள்ளே நெளியும் புழு கண்ணுக்குத் தெரியாமலே அகப்பட்டுவிடும். அலகு முழுவதையும் திறக்காமல் நுனியை மட்டும் விரித்து இரையைக் கவ்வவும் அதற்கு முடியும். தொலைநோக்கியில் கால் மணி நேரம் இதைக் கவனித்தவருக்கு அடுத்த படத்தை எந்தக் கணத்தில் எடுக்க வேண்டும் என்பது தானாகப் புரியும்.

பூநாரையின் வழி தனி. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கால் நீரை இழுத்துத் தள்ளி, சல்லடை போன்ற விளிம்பில் பாசியையும் நுண்ணுயிர்களையும் சலித்துக்கொள்ளும். அதன் இளஞ்சிவப்பு அந்த உணவிலுள்ள நிறமிகள் தருவது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் தெரிபவை இளம் பறவைகள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஏரிக்குக் கிழக்கே போவதால், காலையில் அந்தப் பக்கமிருந்து மேற்கே பார்த்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் விழும். காற்றும் முதுகுப் பக்கமிருந்து வந்தால் இன்னும் நல்லது. கரைப்பறவைகள் காற்றை எதிர்த்து நிற்பவை, அதே திசையில் எழும்புபவை. அப்போது அவற்றின் முகம் படம் எடுப்பவர் பக்கம் திரும்பியிருக்கும். வெள்ளைச் சிறகு வெளிறிப் போகாமலிருக்க, கேமரா காட்டும் வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். காரைவிட்டு இறங்காமல் கண்ணாடியை இறக்கி எடுப்பதே பல நேரம் போதும். காரைப் பொருட்படுத்தாத பறவை, நடந்து வரும் ஆளைக் கண்டதும் எழும்பிவிடும்.

பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டிக் கூட்டத்தைக் கலைப்பவர்களும் இருக்கிறார்கள். இது கொடுமை. ஊர் திரும்ப அந்தப் பறவை உடம்பில் சேர்த்துவைக்கும் கொழுப்பு ஒவ்வொரு தேவையற்ற எழும்பலிலும் கரைகிறது.

மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தில், 1750-இல் செஞ்சியைப் போலவே பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஆலம்பரைக் கோட்டை இடிந்து நிற்கிறது. அதன் மதிலடியில் உள்ள உப்பங்கழியும் நல்ல இடம். இரண்டு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் கோடியக்கரைக்குப் போகலாம்.

டிசம்பர், ஜனவரியில் கூட்டம் பெரிதாக இருந்தாலும் கருவால் மூக்கன்கள் வெறும் சாம்பல் பழுப்பாகத் தெரியும். மார்ச் வாக்கில், புறப்படுவதற்கு முன்னால், சிலவற்றின் கழுத்திலும் மார்பிலும் செங்கல் நிறம் ஏறத் தொடங்கும். உப்பளங்களில் வேலை மும்முரமாகி, ஏரியின் நீர் சுருங்கி, பறவைகள் கரைக்கு நெருங்கி வரும் நாட்களும் அவைதான்.