வானத்திலிருந்து வந்த 6,600 விருந்தாளிகள்!

குட்டீஸ், சாப்பாட்டு நேரத்தில் உங்கள் வீட்டுக்குத் திடீரென்று நாலு விருந்தாளிகள் வந்துவிட்டால் அம்மா என்ன செய்வார்? அவசர அவசரமாக இன்னும் கொஞ்சம் அரிசி களைந்து போடுவார். உங்களைக் கடைக்கு ஓடச் சொல்வார். சரி, ஒரு சின்ன ஊருக்கு ஒரே நாளில் 6,600 பேர் வந்து இறங்கினால்? நிஜமாகவே அப்படி நடந்திருக்கிறது!

கனடா நாட்டின் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்து என்றொரு தீவு. அங்கே இருக்கும் ஊர்தான் கேண்டர். அப்போது அங்கே வசித்தவர்கள் சுமார் 10,000 பேர். ஊர் சிறியது, ஆனால் விமான நிலையம் பெரியது! அந்தக் காலத்து விமானங்களால் அட்லாண்டிக் கடலை ஒரே மூச்சில் தாண்ட முடியாது. பெட்ரோல் நிரப்ப இங்கேதான் இறங்கும். அதற்காகக் கட்டிய நிலையம் இது.

2001 செப்டம்பர் 11. தீவிரவாதிகள் விமானங்களைக் கடத்தி, நியூயார்க் நகரின் இரட்டைக் கோபுரங்களில் மோதினார்கள். ஆயிரக்கணக்கானோர் பலியானார்கள். உடனே அமெரிக்கா தன் வான்வழியை மூடிவிட்டது. கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்த விமானங்கள் எங்கே போகும்? அவற்றில் 38 பயணிகள் விமானங்கள் கேண்டரில் இறங்கின.

பாதுகாப்புச் சோதனை முடியும்வரை பயணிகள் மணிக்கணக்கில் விமானத்துக்குள்ளேயே இருந்தார்கள். பெட்டிகளை எடுக்கவும் அனுமதி இல்லை. மாற்று உடை இல்லை, மருந்து இல்லை. வெளியே என்ன நடக்கிறது என்றும் புரியவில்லை. பலருக்கு ஆங்கிலமே தெரியாது. எவ்வளவு பயந்திருப்பார்கள்!

கேண்டர் மக்கள் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. அப்போது அங்கே பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். செய்தி தெரிந்ததும் போராட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பயணிகளை அழைத்துவர ஓடி வந்தார்கள். பள்ளிகளும் தேவாலயங்களும் தங்கும் விடுதிகளாயின. வீடுகளிலிருந்து போர்வை, தலையணை, துண்டு எல்லாம் வந்து குவிந்தன. வீடு வீடாகச் சமைத்தார்கள். அத்தனை உணவையும் எங்கே வைப்பது? பனிச்சறுக்கு விளையாட்டு அரங்கையே பிரிட்ஜ் ஆக்கிவிட்டார்கள்!

மருந்துக் கடைக்காரர்கள் பல நாடுகளுக்குப் போன் போட்டு, யாருக்கு என்ன மருந்து என்று விசாரித்துக் கொடுத்தார்கள். விமானங்களில் நாய், பூனைகளும், சிம்பன்ஸி போன்ற போனோபோ குரங்குகள் இரண்டும் இருந்தன. அவற்றுக்கும் வேளாவேளைக்குச் சாப்பாடு! முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போய் குளிக்க வைத்தார்கள். காசு கொடுத்தால் வாங்கவே இல்லை.

பயணிகளில் ஓர் அம்மா. அவர் மகன் நியூயார்க்கில் தீயணைப்பு வீரர். கோபுரத்தில் மாட்டியவர்களைக் காப்பாற்றப் போனவரைப் பற்றித் தகவலே இல்லை. அந்த அம்மா தொலைபேசி அருகிலேயே தவித்துக்கொண்டிருந்தார். உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் மகனும் தீயணைப்பு வீரர்தான்! அந்தத் தவிப்பு அவருக்குப் புரிந்தது. சின்னச் சின்ன நகைச்சுவை சொல்லி ஆறுதல் தந்தார். மகன் திரும்பி வரவே இல்லை. அந்தத் துயரத்தை அவரால் மாற்ற முடியவில்லை. தனியாக அழ விடாமல் கூட இருந்தார். ஊர் திரும்பிய பிறகும் இருவரின் நட்பு தொடர்ந்தது.

சில நாட்களில் விமானங்கள் கிளம்பின. அருகிலுள்ள லூயிஸ்போர்ட் என்ற ஊரில் தங்கிய பயணிகள், திரும்பும் வழியில் விமானத்திலேயே ஆயிரக்கணக்கான டாலர் நன்கொடை சேர்த்தார்கள். எதற்குத் தெரியுமா? அந்த ஊர்ப் பிள்ளைகள் கல்லூரியில் படிக்க! கேண்டரின் கதை பிறகு இசை நாடகமாகி, 2017-ல் நியூயார்க்கின் புகழ்பெற்ற பிராட்வே அரங்குக்கும் வந்தது.

கேண்டர் மக்கள் பெரிய பணக்காரர்கள் அல்ல, குட்டீஸ். வந்தவர்கள் யார், எந்த நாடு, என்ன மதம் என்று பார்க்கவில்லை, 'பசிக்கிறதா?' என்று கேட்டார்கள். நம் ஊர் பஸ் ஸ்டாண்டிலும் போர்டு படிக்கத் தெரியாமல் வெளியூர்க்காரர் யாராவது விழித்துக்கொண்டு நிற்பார். அம்மா அப்பாவோடு போகும்போது அப்படி ஒருவரைப் பார்த்தால், அவர் போகவேண்டிய பஸ்ஸைக் காட்டிவிட்டு வாருங்கள். அவருக்கு அன்றைக்கு நம் ஊர்தான் கேண்டர்!