படத்திற்கு வர்ணம் தீட்டும் யந்திரம்

பழைய வீடுகளின் கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா படத்தைச் சற்று அருகில் போய்ப் பாருங்கள். சில படங்களில் முகம் மட்டுமே போட்டோவாக இருக்கும். அங்கவஸ்திரத்தின் ஜரிகையும் பின்னாலுள்ள திரைச்சீலையும் தூரிகையால் தீட்டப்பட்டவை. வர்ணப் பிலிம் புழக்கத்துக்கு வராத காலத்தில், ஸ்டூடியோக்காரர்கள் கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் ஓவியரைக் கொண்டு வர்ணம் பூசிக் கொடுத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே நம் தேசத்தில் இத்தொழில் செழித்திருந்தது.

அந்தக் காரியத்தை இன்று கம்ப்யூட்டர் சில விநாடிகளில் முடித்துவிடுகிறது. 1990-ல் வெளியான போட்டோஷாப்பிலும், விலையின்றிக் கிடைக்கும் கிம்ப்பிலும், போட்டோவைத் தைல வர்ணச் சித்திரம் போல் மாற்றும் கட்டளைகள் உண்டு. பொத்தானை அழுத்தினால் ரவிவர்மாவே எழுந்து வந்து தீட்டிவிடுவார் என்று நம்புகிறவர்கள் பலர். நாம் அந்தக் கட்சியல்ல.

யந்திரம் தூரிகை பிடிப்பதில்லை, கணக்குத்தான் போடுகிறது. படம் என்பது லட்சக்கணக்கான புள்ளிகளின் கூட்டம். கிம்ப்பின் தைல வர்ணக் கட்டளை ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து, அதன் அக்கம்பக்கத்தில் எந்த ஒளியளவு அதிகமாகக் காணப்படுகிறதோ அதையே அதற்கும் கொடுத்துவிடுகிறது. பெரும்பான்மை வோட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இதனால் சாயல்கள் திட்டுத் திட்டாகச் சேர்ந்து, தூரிகை இழுத்த தடம் போல் தோன்றுகின்றன. ஜப்பானியரான குவஹாராவும் அவருடைய சகாக்களும் 1976-ல் வெளியிட்ட முறை இன்னும் நயமானது. புள்ளியைச் சுற்றி நான்கு சதுரங்கள் வகுத்து, எதில் பேதம் மிகக் குறைவோ அதன் சராசரியைப் புள்ளிக்குத் தருவது அது. விளிம்பு கலையாது, உட்புறம் மழமழப்பாகும். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் சித்திரக் கலையை நினைத்தே பார்க்கவில்லை. இருதயத்தைக் காட்டும் வைத்தியப் படங்களைத் தெளிவாக்குவதே அவர்கள் நோக்கம்.

2015-ல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், வான்கோ முதலியோரின் சித்திரப் போக்கை யந்திரமே கிரகித்து எந்தப் போட்டோவுக்கும் ஏற்றும் வழியைக் காட்டினார்கள்.

சரி, பெரும்பான்மை வோட்டில் சிறுபான்மையின் கதி என்ன? பாட்டியின் மூக்குத்தியில் மின்னும் வெள்ளைப் பொட்டு, கன்னத்து மச்சம், கருவிழியில் விழுந்த ஒளி எல்லாம் சிறுபான்மைதான். முதலில் மறைபவையும் அவையே. நம் மாணவன் ஒருவன் இப்படி மாற்றிய படத்தைக் காட்டியபோது, அழகான கிழவி ஒருத்தி அதில் இருந்தாள். அவனுடைய பாட்டியைத்தான் காணோம்.

இதற்குப் பரிகாரம் உண்டு. பழைய போட்டோவை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்யுங்கள். மூலத்தை அடியில் வைத்து, மேலே ஒரு பிரதியை அடுக்கி, கட்டளையைப் பிரதிக்கு மட்டும் இடுங்கள். பிறகு மேல் அடுக்குக்கு 'மாஸ்க்' என்னும் மறைப்பைச் சேர்த்து, கண், மூக்கு, உதடு உள்ள இடங்களில் மெல்லிய கறுப்புத் தூரிகையால் தடவினால், அடியிலுள்ள உண்மை முகம் வேண்டிய அளவுக்கு மேலே தெரியும். புடவைக்கும் பின்னணிக்கும் அகலமான தூரிகைத் தடம் இருக்கட்டும், முகத்துக்கு வேண்டாம்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தானாகவே வர்ணம் ஏற்றும் வசதியும் இப்போது வந்திருக்கிறது. அது வெறும் ஊகம். பாட்டி கட்டியிருந்த புடவை அரக்கா, கத்தரிப்பூ நிறமா என்பது வீட்டிலுள்ள பெரிய அத்தைக்குத்தான் தெரியும். யந்திரத்தை முடுக்குவதற்கு முன் அவரைக் கேட்டு, பதிலைப் போட்டோவின் பின்புறம் பென்ஸிலால் குறித்து வையுங்கள்.