கைத்தொலைபேசி விளையாட்டு: வயதுக்கொரு தேவை

பெண்கள் ஓய்வெடுப்பதைப் பற்றி எமது சமூகத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆண்கள் மாலையில் சந்தியில் கூடியிருந்து கதைப்பார்கள், கரம் விளையாடுவார்கள், 304 போடுவார்கள். அதை எவரும் குறையாக எடுப்பதில்லை. ஒரு பெண் கால் மணித்தியாலம் கைத்தொலைபேசியில் விளையாடிக்கொண்டு இருந்தால் மட்டும் "அவளுக்கு வேலை இல்லைப்போலை" என்ற பேச்சு வந்துவிடுகின்றது. அவள் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணாக இருந்தால் அந்தப் பேச்சு இன்னும் கூர்மையாக வரும்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் சில கிராமங்களின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களுக்குப் போய் வருபவள். சேமிப்பு, கோழி வளர்ப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் பேசி முடிந்த பின்பு, "உங்களிலை ஆரார் போனிலை கேம் விளையாடுறனீங்கள்?" என்று ஒருமுறை கேட்டேன். முதலில் சிரிப்பு. பின்பு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சகோதரி துணிந்து கையை உயர்த்திய பிறகு பத்துக் கைகள் உயர்ந்தன. அதன் பின்பு கூட்டங்களிலும் வீடுகளிலும் இதைப் பற்றி நான் கேட்டுக்கொண்டே வருகின்றேன். ஒரே வீட்டில், ஒரே தொலைபேசியில், பேரப்பிள்ளை தேடுவது ஒன்று, தாய் தேடுவது வேறொன்று, அம்மம்மா தேடுவது இன்னொன்று என்பதை அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். இது விளங்காததால்தான் பல வீடுகளில் தொலைபேசி சண்டைப் பொருளாகிவிட்டது.

எம்மில் பலருக்குக் கைத்தொலைபேசி 2009 இல் போர் முடிந்து மீளக்குடியேறிய பின்பே அறிமுகமானது. பொத்தான் அழுத்தும் நொக்கியாத் தொலைபேசியில் ஒரு பாம்பு இரை தேடி ஓடுமே, அதுதான் பலர் பார்த்த முதல் விளையாட்டு. அது 1997 இலேயே அந்தத் தொலைபேசிகளில் வந்துவிட்டது. ஸ்மார்ட் போன் எங்கள் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்ததற்கு 2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டதும் ஒரு காரணம். வட்ஸ்அப்பில் பாடம் வருகிறது என்று கடன்பட்டுத் தொலைபேசி வாங்கிய தாய்மாரை நான் அறிவேன். பாடத்தோடு விளையாட்டும் சேர்ந்து வந்தது.

சிறு பிள்ளைகள்

நான்கு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்கு வேண்டியது நிறமும் சத்தமும் மட்டுமென்று நாம் நினைக்கிறோம். அவர்கள் பக்கத்தில் சற்று இருந்து பாருங்கள். ஒரு பழத்தை வெட்டினாலும், ஒரு பூனைக்குச் சாப்பாடு கொடுத்தாலும், உடனே "அம்மா, இஞ்சை பாருங்கோ" என்று கூப்பிடுவார்கள். தாங்கள் செய்ததை ஒருவர் பார்க்கவேண்டும் என்பதே அவர்களின் தேவை. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவும் அவர்களுக்கு அலுக்காது. தோற்றால் தண்டனை இல்லாத, நேரம் ஓடாத விளையாட்டே இந்த வயதுக்கு ஏற்றது.

இலவச விளையாட்டுகளுக்கு நடுவில் விளம்பரங்கள் வரும். பிள்ளைக்கு விளம்பரம் எது, விளையாட்டு எது என்று தெரியாது. கைபட்ட இடமெல்லாம் அழுத்திவிடும். டேற்றாவை நிறுத்திவிட்டு, அல்லது 'விமானப் பயண' நிலையில் போட்டுவிட்டுத் தொலைபேசியைக் கொடுத்தால் பெரும்பாலான விளம்பரங்கள் வராது, காசும் மிஞ்சும். இணையம் இல்லாமல் இயங்கும் விளையாட்டையே சிறுவர்களுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வளரிளம் பருவத்தினர்

பதின்மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகள் ஆறுதலுக்காக விளையாடுகிறோம் என்று சொல்வார்கள். அவர்கள் தேடுவது கூட்டாளிகளை. யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்ற போட்டியும், குழுவாகச் சேர்ந்து வெல்லும் சந்தோசமும் அவர்களுக்கு வேண்டும். எமது கிராமங்களில் விளையாட்டு மைதானம் தூரத்தில் இருக்கும். பெண்பிள்ளைகள் என்றால் பொழுதுபடமுன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஆகவே தொலைபேசிக்குள்ளேயே மைதானத்தைத் தேடுகிறார்கள்.

இங்கேதான் எங்கள் வீடுகளுக்கே உரிய ஒரு துன்பம் இருக்கின்றது. சுட்டு விளையாடும் விளையாட்டுகளில் துவக்குச் சத்தமும் குண்டுச் சத்தமும் உண்மைபோல் கேட்கும். 2009 இற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு அது வெறும் விளையாட்டுச் சத்தம். அடுப்படியில் நிற்கும் தாய்க்கோ கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும். ஒரு சகோதரி என்னிடம் சொன்னார்: "அவன் விளையாடேக்கை நான் வளவுக்கை போய் நிண்டிடுவன். ஏன் எண்டு அவனுக்குத் தெரியாது." ஏன் அவனுக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவனாவது அதுகளைத் தெரியாமல் வளரட்டும் எண்டுதான்" என்றார்.

தாயின் மனம் விளங்குகின்றது. ஆனால் காரணம் தெரியாத பிள்ளைக்குத் தாயின் கோபம் மட்டுமே தெரியும். நடந்ததெல்லாவற்றையும் விபரிக்க வேண்டியதில்லை. "அந்தச் சத்தம் எனக்குப் பழைய ஞாபகத்தைக் கொண்டு வருது தம்பி, காதுக்குள்ளை மாட்டிக்கொண்டு விளையாடு" என்று சொன்னாலே போதும். அந்தச் சகோதரி சில வாரங்களுக்குப் பின் அப்படிச் சொல்லிவிட்டார். மகன் அன்றிலிருந்து சத்தத்தை நிறுத்திவிட்டே விளையாடுகிறான்.

இந்த வயதில் இன்னொரு பொறி காசு. விளையாட்டு இலவசம், ஆனால் உள்ளே உடைக்கும் ஆயுதத்துக்கும் காசு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தாய் வெளிநாட்டில் இருக்கும் தமையனோடு கதைக்கவென்று போட்டுவைத்த றீலோட் காசு இப்படிப் போனது. பிளே ஸ்டோரில், காசு கட்டும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றி வைக்கலாம். அந்தக் கடவுச்சொல் தாயிடம் மட்டும் இருக்கட்டும்.

உழைக்கும் வயதுப் பெண்கள்

இருபத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட பெண்கள்தான் என் கேள்விக்கு அதிகம் வெட்கப்பட்டவர்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், தோட்டம் செய்கிறவர்கள், தையல் மெசினோடு வீட்டில் இருப்பவர்கள் எல்லாம் இதில் அடக்கம். இவர்கள் விரும்புவது ஒரே நிறத்தை மூன்றாகச் சேர்த்து அழிப்பது, சிதறிக் கிடப்பதை அடுக்குவது, நிறப்படி தண்ணீரைப் போத்தலில் பிரித்து ஊற்றுவது போன்றவற்றை. ஏன் என்று கேட்டபோது ஒரு சகோதரி சொன்ன பதில் இது: "அக்கா, வீட்டிலை எந்த வேலையும் முடியிறேல்லை. சமைச்சால் திரும்பச் சமைக்கவேணும். கூட்டினால் திரும்பக் கூட்டவேணும். இதிலை ஒரு கட்டம் முடிஞ்சால் முடிஞ்சதுதான்."

போட்டி இவர்களுக்கு வேண்டாம். நாள் முழுக்க வாழ்க்கையோடு போட்டிதானே. அடுப்பில் பால் பொங்கினால் உடனே வைத்துவிட்டுப் போகக் கூடியதாய், திரும்பி வந்தால் விட்ட இடத்திலேயே காத்திருப்பதாய் இருக்கவேண்டும். ஒற்றைக் கையால் விளையாடக் கூடியதாகவும் இருக்கவேண்டும். பிள்ளையை மடியில் வைத்திருப்பவருக்கும், எறிகணையில் கையை இழந்தவருக்கும் இது ஒரே அளவு முக்கியம்.

இரவில் விளையாடுபவர்களும் உண்டு. விளக்கை அணைத்ததும் பழைய காட்சிகள் வரும், அதனால் கண் மூடும் வரை விளையாடுகிறோம் என்கிறார்கள். இதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. 1984 இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய 'ரெட்ரிஸ்' என்ற விளையாட்டில், மேலிருந்து விழும் துண்டுகளைத் திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். அதை வைத்து ஒக்ஸ்போர்ட்டில் நடந்த ஓர் ஆய்வு 2017 இல் வெளியானது. வாகன விபத்தில் சிக்கி வைத்தியசாலை அவசரப் பிரிவுக்கு வந்த 71 பேர் அதில் பங்குபற்றினார்கள். விபத்து நடந்து ஆறு மணித்தியாலத்துக்குள் ஒரு பகுதியினரை விபத்தைச் சுருக்கமாக நினைவுக்குக் கொண்டுவரச் செய்து, பின் 20 நிமிடமளவில் ரெட்ரிஸ் விளையாடச் செய்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் அவர்களுக்கு, கேளாமலே வந்து போகும் விபத்துக் காட்சிகள் மற்றப் பகுதியினரை விட 62 வீதம் குறைவாக இருந்தன. காட்சிகளைப் பதிக்கும் மூளையின் வேலையை, வடிவங்களைப் பார்த்துத் திருப்பும் வேலை பிடித்துக்கொள்கிறது என்பது ஆய்வாளரின் விளக்கம்.

இதைக் கவனமாக விளங்கிக்கொள்ள வேண்டும். அது புதிதாக நடந்த விபத்துக்கு, உடனேயே, தெரிந்தவர்களின் வழிநடத்தலில் செய்யப்பட்டது. பல வருடத் துயரத்துக்குக் கைத்தொலைபேசி மருந்தாகாது. ஆனால் வடிவங்களை அடுக்கும்போது மனம் சற்று ஆறுகிறது என்று எங்கள் சகோதரிகள் சொல்வது வெறும் சாட்டு அல்ல என்பது இதிலிருந்து தெரிகின்றது.

அதே வேளை, இந்த விளையாட்டுகள் ஆறுதலுக்காக மட்டும் செய்யப்பட்டவையும் அல்ல. 2012 இல் வந்த 'கேண்டி கிரஷ்' விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து உயிர் தருவார்கள். தோற்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று போகும். போன உயிர் ஒன்று திரும்ப வர 30 நிமிடம். பொறுக்க முடியாதவர் காசு கொடுக்கலாம், மற்றவர் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பி வந்து பார்ப்பார். இன்னும் ஒரே ஒரு நகர்வு இருந்தால் வென்றிருப்பேன் என்ற எண்ணமே எம்மைப் பிடித்து வைக்கின்றது. எமது ஆறுதல் முடிந்து அவர்களின் வியாபாரம் தொடங்கும் இடம் அதுதான். ஐந்து உயிரும் முடிந்ததா, அன்றைய ஓய்வும் முடிந்தது என்று வைத்துக்கொள்ளும் ஒரு சகோதரியை எனக்குத் தெரியும். நல்ல வழி.

மூத்தவர்கள்

அறுபதைத் தாண்டிய அம்மாமார் "எங்களுக்கு உதுகள் விளங்காது பிள்ளை" என்று ஒதுங்குவார்கள். விளையாட்டு அவர்களுக்குப் புதிதல்ல. கொக்கான் வெட்டியவர்கள், தாயம் போட்டவர்கள், நிலத்தில் கீறி நாயும் புலியும் விளையாடியவர்கள். ஒதுங்கச் செய்வது சிறிய எழுத்தும், விரைந்து ஓடும் நேரமும், ஆங்கிலமுமே. தோட்ட வேலையால் காய்த்துக் காய்ந்த விரலைத் தொடுதிரை சில வேளை உணர்வதும் இல்லை. விரலைச் சற்று ஈரத்துணியில் துடைத்துவிட்டுத் தொட்டால் சரியாகும். அமைப்புகளுக்குள் போய் எழுத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுங்கள்.

அவர்கள் உடனே பிடித்துக்கொள்வது லூடோ. அது எமது பக்கத்துப் பழைய பச்சிசி விளையாட்டிலிருந்து பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றுப் பெயர் மாறியது. இந்தியாவின் நவி மும்பையிலிருந்து 2016 இல் வெளியான 'லூடோ கிங்' இல், இணையம் இல்லாமலே ஒரே தொலைபேசியைச் சுற்றி நால்வர் இருந்து விளையாடலாம். இணையம் இருந்தால் கனடாவில் இருக்கும் பேத்தியோடும் விளையாடலாம். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்க, தனியே இருக்கும் ஓர் அம்மா சொன்னார்: "போனிலை கதைச்சால் 'சுகமோ, சாப்பிட்டியளோ' எண்டு ரெண்டு நிமிசத்திலை முடிஞ்சிடும். விளையாடினால் அரை மணித்தியாலம் அவள் என்னோடை இருப்பாள்." மூத்தவர்களுக்கு வேண்டியது ஆள்துணை. வெற்றி தோல்வி அதற்கு ஒரு சாட்டு.

சில வழிகள்

விளையாடத் தொடங்கும்போதே எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள். அன்ட்ரொயிட் தொலைபேசிகளின் அமைப்புகளில், ஒரு விளையாட்டுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு நேரம்தான் என்று வரையறுக்கும் வசதி உண்டு. "வா, விளையாடு" என்று அழைக்கும் அறிவித்தல்களையும் அங்கேயே நிறுத்தலாம். விளையாட்டின் நடுவே வரும் உடனடிக் கடன் விளம்பரங்களையும் காசு வைத்து ஆடும் ஆட்டங்களின் விளம்பரங்களையும் தொடவே வேண்டாம். நுண்கடனால் நாம் பட்டது போதும்.

விளையாட்டை அளவில் நிறுத்த முடியாமை, மற்ற வேலைகளை விட அதையே முதன்மைப்படுத்துதல், பாதிப்பு வந்த பின்பும் தொடர்தல் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரு வருடம் நீடித்து வாழ்க்கையைக் குழப்பினால் அது ஒரு நோய்நிலை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்படுத்தலில் இது சேர்க்கப்பட்டது. அந்த அளவுக்கு வராதவர்களைப் பார்த்து நோயாளி என்று சொல்லிப் பயமுறுத்தவும் வேண்டாம்.

உங்களையே கேட்டுப் பாருங்கள். விளையாடி வைத்த பின் மனம் இலேசாகி அடுத்த வேலைக்கு எழும்ப முடிகிறதா? அப்படியானால் அது ஓய்வு. எழும்ப மனமில்லாமல், நித்திரையும் கெட்டு, அழுகையும் நிற்காமல் இருக்கிறதா? அப்போது உங்களுக்கு வேண்டியது விளையாட்டல்ல, கேட்கும் காது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம். தமிழில் பேசலாம்.

சகோதரிகளே, ஓய்வு களவெடுத்த பொருள் அல்ல, மறைத்து வைக்கவேண்டாம். இன்று இரவு உங்கள் வீட்டில் யார் எதை விளையாடுகிறார்கள், அதில் என்ன பிடிக்கும் என்று ஒருமுறை கேளுங்கள். உங்களுக்குப் பிடித்ததையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.